ரொறன்ரோவில் எங்கட சனம்: ஸ்காபரோவுக்குப் பிறகு ஏன் மார்க்கம், ஏஜாக்ஸ்?

உவர்மலை ரீச்சர்

வணக்கம். திருகோணமலையில் உயர்தரப் புவியியல் வகுப்புக்கு ஒரு வரைபடப் பயிற்சி தயாரிக்கிறேன். நகரக் குடியிருப்புப் பாடம் பேர்ஜஸின் ஒருமைய வட்ட மாதிரியோடு தொடங்கும்: புதிதாக வருகிறவர் நகர நடுவில் மலிந்த வாடகைக்கு இருப்பார், காசு சேரச் சேர வெளிவட்டத்துக்கு நகருவார். அது 1925இன் சிக்காகோ. எங்கள் பிள்ளைகளுக்குச் சிக்காகோ ஒட்டாது, ரொறன்ரோ ஒட்டும். ஆனால் அவர்கள் சொல்லும் இடங்கள் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், விற்பி, பிரம்ரன். நடு நகரம் ஒருவர் வாயிலும் வருவதில்லை. போன மாதம் போனவர்கூட நேரே ஏஜாக்ஸில்தான் இறங்குகிறார். மாதிரி எங்கே பிழைக்கிறது?

எனக்கு மூன்று விசயம் வேணும். தமிழர் குடியேறிய ஒழுங்கும் அதற்கான காரணங்களும் முதலாவது. ("சொந்தக்காரர் இருந்தபடியால்" என்ற விடையைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அதற்கு மேலே வேண்டும்.) சிறிய பரப்பு மட்டத்தில் தரவை எங்கே எடுப்பது, எந்த நிரலை நம்புவது என்பது இரண்டாவது. மூன்றாவது செய்முறை: என்னிடம் ஒரு மடிகணினியும் சாட் பேப்பரும்தான் உண்டு. இரண்டு பாடவேளைக்குள் முடியவேண்டும்.

கிழக்கு401

ரீச்சர், பேர்ஜஸை முழுசாத் தூக்கி எறிய வேண்டாம். வட்டத்துக்குப் பதிலா "இந்த வீடு எந்தப் பத்தாண்டில கட்டினது" எண்டு ஒரு வரைபடத்தை முதல் வையுங்கோ. அந்தந்தக் காலத்தில எந்தக் கட்டடம் ஒரு குடும்பத்தின்ர கைக்கு எட்டிச்சோ, சனம் அங்கதான் போயிருக்கு. சொந்தபந்தம் எந்த வீதி எண்டதைத் தீர்மானிக்கும். எந்தப் பகுதி எண்டதைத் தீர்மானிக்கிறது கட்டடம்.

1983க்குப் பிறகு வந்த ஆக்கள் நடு நகரிலதான் முதல் இருந்தவை. வெல்லஸ்லி, பார்லிமென்ற், ஷேர்போர்ன் வீதிகளுக்கு நடுவில இருக்கிற சென் ஜேம்ஸ் ரவுண் முக்கியமான இடம். 1960களில எழும்பின வாடகை உயர்மாடிகள். வந்த கையோட உணவகத்திலயும் துப்புரவிலயும் வேலை, கார் தேவையில்லை, ஒரு வீட்டை நாலு பேர் பங்கு போடலாம். இதுவரைக்கும் பேர்ஜஸ் சரி.

ரொறன்ரோவின்ர கிழக்குப் புறநகரான ஸ்காபரோவிலதான் மாதிரி உடையுது. சிக்காகோவில வெளிவட்டம் எண்டால் வசதியானவரின் தனிவீடு. ரொறன்ரோவில அப்பிடியில்லை. 1954இல நகரத்தையும் புறநகரையும் சேர்த்த மெற்றோ ரொறன்ரோ நிர்வாகம் இயங்கத் தொடங்கின பிறகு, புறநகரின்ர பெருவீதி ஓரங்களிலயும் வாடகை உயர்மாடிகளைக் கட்ட விட்டினம். நிலக்கீழ் ரயிலும் அதுகளை நோக்கி வந்தது: 1968இல வார்டன், 1980இல கெனடி. 1985இல கெனடியிலிருந்து ஸ்காபரோ நடுப்பகுதிக்கு இலகு ரயில். கெனடி–எக்ளின்ரன் சந்தியைச் சுத்தித் தமிழ்ச் சனம் நிரம்பினதுக்கு இந்தத் திகதிகளைப் பார்த்தாலே விளங்கும். இரண்டு மூண்டு அறை உள்ள வாடகை வீடு, வாசலில பஸ், பஸ் போய்ச் சேருற இடத்தில ரயில், கிட்டவே தொழிற்சாலை. தம்பி, தங்கச்சி, அம்மாவைக் கூப்பிடுற வயசுக் குடும்பத்துக்கு நடு நகரின்ர ஒற்றை அறை காணாது.

அந்த உயர்மாடிகளுக்குப் பின்னால 1950, 60களின்ர பங்களாக்கள் இருக்கு. தனித் தரைமாடி, கீழ முழு அளவில பேஸ்மென்ற், பக்கத்தில ஒரு கதவு. அந்தப் பக்கக் கதவுதான் பெரிய விசயம். வீட்டை வாங்கினவர் கீழ்ப் பகுதியை வாடகைக்கு விட்டு வங்கிக் கடனைக் கட்டினார். அடுத்து வந்தவருக்கு அதுவே முதல் வீடு.

மார்க்கத்துக்கு வருவம். ஸ்ரீல்ஸ் அவெனியூ பார்வைக்கு ஒரு றோட்டு, ஆனா ரொறன்ரோ மாநகர எல்லை அதுதான். வடக்கால போனால் யோர்க் பிராந்தியம்: வேற கல்விச் சபை, வேற பஸ், வேற வரி. 1990களின்ர பின்பாதியிலிருந்து அங்க வயல்கள் புது வீட்டுத் தொகுதிகளா மாறிச்சு. நாலு அறை, இரட்டைக் கராஜ். தாய் தகப்பனைக் கூப்பிட்டு வைச்சிருக்கிற குடும்பத்துக்குப் பொருந்தின அளவு.

வரியைப் பிள்ளையளுக்குக் கணக்காவே குடுக்கலாம். வீடு வாங்கினால் ஒன்ராறியோ மாகாணத்துக்குக் காணிமாற்று வரி கட்டவேணும். 2008இலிருந்து ரொறன்ரோ மாநகரம் தனக்கெண்டும் ஒண்டு அறவிடுது. மார்க்கத்திலயும் ஏஜாக்ஸிலயும் அந்த இரண்டாவது வரி இல்லை. எட்டு இலட்சம் டொலர் வீட்டுக்கு மாகாண வரி: முதல் 55,000க்கு 0.5 வீதம் (275), அதிலிருந்து 250,000 வரை 1 வீதம் (1,950), 400,000 வரை 1.5 வீதம் (2,250), மிச்ச 400,000க்கு 2 வீதம் (8,000). கூட்டினால் 12,475 டொலர். ஸ்ரீல்ஸுக்குத் தெற்கால வாங்கினால் இதே தொகையை மாநகரத்துக்கும் கட்டவேணும். முதல் வீடு வாங்குறவைக்கு மாகாணம் 4,000 வரையும் மாநகரம் 4,475 வரையும் கழிச்சு விடும். இரண்டாவது வீட்டுக்கு மாறுற குடும்பத்துக்கு அந்தக் கழிவும் இல்லை. ஸ்காபரோ வீட்டை வித்திட்டு மார்க்கம் போனது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

பஸ் கட்டணம் எதிர்ப்பக்கம் இழுத்தது. ஸ்ரீல்ஸைத் தாண்டினால் இரண்டாம் கட்டணம். கார் இல்லாத குடும்பம் தெற்கிலயே நிண்டதுக்கு அது ஒரு பெரிய காரணம். 2024 பெப்ரவரி 26இலிருந்து ஒரு கட்டணத்தில இரண்டு பக்கமும் மாறி ஏறலாம். அதுக்கு முந்தின எந்த வரைபடத்தை வாசிச்சாலும் ஸ்ரீல்ஸை ஒரு மதிலாத்தான் வாசிக்கவேணும்.

பிறகு ஏஜாக்ஸ், பிக்கரிங், விற்பி. மார்க்கத்துக்குக் கிழக்கால றூஜ் ஆற்றுப் பூங்கா. 2005இல வந்த பசுமைவளையத் திட்டம் அதைச் சுத்தின விவசாய நிலத்தையும் பூட்டிப்போட்டுது. வீடமைப்பு அதைப் பாய்ஞ்சு 401 நெடுஞ்சாலை வழியாக் கிழக்கே போச்சு. 407 நெடுஞ்சாலை 2016இல ஒஷாவா வரை நீண்டது. பிக்கரிங்கின்ர புறொக் வீதிக்குக் கிழக்கால உள்ள, மாகாண அரசுக்குச் சொந்தமான பகுதியில 2025 ஜூன் முதலாம் திகதியிலிருந்து சுங்கக் கட்டணமும் இல்லை. அடுத்த குடிசன மதிப்பீட்டில ஒஷாவாப் பக்கம் கூடினால் இதையும் ஒரு காரணமா எழுதலாம்.

(துறைமுக ஊர்ப் பிள்ளையளுக்கு ஒரு துணுக்கு: ஏஜாக்ஸ் எண்டது பிரித்தானியப் போர்க்கப்பலின்ர பேர். 1941இல வெடிமருந்துத் தொழிற்சாலைக்காக உருவான ஊர் அது.)

பிரம்ரனை இந்த வரிசையில போடாதேங்கோ. அது மேற்கு. ஸ்காபரோவிலிருந்து வழிஞ்சு போன சனமெண்டு அதை விளக்கேலாது. பியர்சன் விமான நிலையம், களஞ்சியங்கள், லொறிக் கம்பனிகள் எண்ட வேற தொழில் வலயத்தோட பார்க்கவேண்டிய இடம்.

பாதைக்குறிப்பு

மேலே சொன்னது தமிழருக்குச் சரி. மற்றச் சமூகங்களை ஒப்பிட்டால்தான் மாதிரியின் எல்லை தெரியும்.

இத்தாலியர் கொலேஜ் வீதியில் தொடங்கி, சென் கிளேயர் மேற்கு வழியாக வோனில் உள்ள வூட்பிரிஜ் போனார்கள். யூதர் கென்சிங்ரனிலிருந்து பாதஸ்ற் வீதியைப் பிடித்துக்கொண்டே வடக்கே தோர்ன்ஹில் வரை. இரண்டும் வட்டமல்ல, நகர நடுவிலிருந்து வெட்டிய ஆப்பு வடிவம். ஹொய்ற்றின் ஆரைச்சிறை மாதிரிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது, ரீச்சர். சிலபஸில் அடுத்ததாக வருவதும் அதுதான்.

சீனர் இரண்டு வகை. பழைய வரவு ஸ்பதைனா வீதியில். 1980களின் கடைசியிலிருந்து ஹொங்கொங்கை விட்டு வந்தவர்களில் பலர் வீடு விற்ற காசோடு வந்தார்கள். நடு நகரத்தைத் தொடாமலே அஜின்கோர்ட், மார்க்கம், றிச்மண்ட்ஹில் போனார்கள். 1997இல் திறந்த பசிபிக் மோல், ஸ்ரீல்ஸுக்கு வடக்குக் கரையிலேயே, மார்க்கம் எல்லைக்குள் நிற்கிறது. வந்திறங்கும்போது கையில் என்ன இருந்தது என்பதுதான் முதல் முகவரியை முடிவுசெய்கிறது. அகதியாக வந்தவரையும் முதலோடு வந்தவரையும் ஒரே அம்புக்குறியில் வரையக்கூடாது.

நிரலும் நிரையும்

தரவு பற்றி எழுதுகிறேன். பிழை விடுவதற்கு நிறைய இடம் உள்ள பகுதி இது.

கனடிய புள்ளிவிபரத் திணைக்களம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் குடிசன மதிப்பீட்டில் "கணக்கெடுப்புத் துண்டு" என்ற அலகு இருக்கிறது. பெரும்பாலும் 2,500க்கும் 7,500க்கும் இடைப்பட்ட மக்கள். இணையத்தில் இலவசமாக இறக்கலாம். கிடைப்பதில் புதியது 2021.

முதல் பொறி எல்லை. "ரொறன்ரோ பெருநகரக் கணக்கெடுப்புப் பகுதி" என்பதன் தொகை 2021இல் 6,202,225. அதில் 46.6 வீதம் வேறு நாட்டிலிருந்து குடியேறியவர்கள். இந்தப் பகுதிக்குள் ஏஜாக்ஸும் பிக்கரிங்கும் உண்டு. ஆனால் விற்பி, ஒஷாவா, கிளாரிங்ரன் மூன்றும் "ஒஷாவா" என்ற தனிப் பகுதி. ரொறன்ரோக் கோப்பை மட்டும் இறக்கினால் கிழக்கு விளிம்பு வெறுமையாகத் தெரியும், பிள்ளைகள் "ஏஜாக்ஸோடு முடிந்தது" என்று எழுதுவார்கள். ரொறன்ரோத் துண்டுகளின் இலக்கம் 535 என்றும் ஒஷாவாவுடையது 532 என்றும் தொடங்கும். இரண்டையும் எடுங்கள்.

இரண்டாவது, எந்த நிரல். நாலு தெரிவு உண்டு, நாலும் நாலு வரைபடம் தரும். பிறந்த நாடு இலங்கை என்று எடுத்தால் சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லாரும் சேருவர், கனடாவில் பிறந்த பிள்ளைகள் விடுபடுவர். இனமூலம் என்று எடுத்தால் "தமிழ்" என்று எழுதியவர் ஒரு வரியில், "இலங்கை" என்று எழுதியவர் இன்னொரு வரியில், இரண்டையும் எழுதியவர் இரண்டிலும். கூட்டினால் இரட்டிப்பு. வீட்டில் அதிகம் பேசும் மொழியில், பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறிய வீடுகள் மறைந்துவிடும். அப்படிப்பட்ட வீடுகள் புதுப் புறநகரில் கூட இருந்தால் அங்கே இல்லாத சரிவு ஒன்று தெரியும்.

தாய்மொழியை எடுங்கள். அது எல்லா வீட்டுக்கும் போகும் குறும்படிவத்துக் கேள்வி. பிறந்த நாடும் இனமூலமும் நாலில் ஒரு வீட்டுக்குப் போகும் நெடும்படிவம், சிறிய துண்டுகளில் ஆட்டம் கூட. தாய்மொழியிலும் குறை உண்டு. தமிழ்நாடு, மலேசியாத் தமிழரும் அதற்குள் வருவார்கள், தமிழும் ஆங்கிலமும் என்று இரண்டு எழுதியவர் "பல விடை" என்ற வேறு வரிக்குப் போய்விடுவார். இதைத் தலைப்புக்குக் கீழே ஒரு வரியில் எழுதினால் போதும்.

ஆண்டுகளை ஒப்பிடுவதானால் 2011இல் கவனம். அந்த முறை நெடும்படிவம் கட்டாயமில்லாத ஆய்வாக மாற்றப்பட்டது. பிறந்த நாடு, இனமூலம் இரண்டையும் 2006, 2016 உடன் ஒரே கோட்டில் வைக்காதீர்கள். மார்க்கம் போன்று வேகமாக வளர்ந்த இடங்களில் ஒரு துண்டு இரண்டாக, மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கும். தசமத்துக்குப் பின்னால் .01, .02 என்று வந்தால் பிரிந்தது என்று பொருள். திரும்பக் கூட்டித்தான் பழைய ஆண்டோடு ஒப்பிடலாம். எல்லா எண்ணும் 5இன் மடங்காக மாற்றப்பட்டிருப்பதால் கூட்டுத்தொகை ஐந்து பத்து வித்தியாசப்படும். அது உங்கள் பிழையல்ல.

மடிகணினியில் கியூஜிஸ் (இலவச வரைபட மென்பொருள்) இருந்தால் எல்லைக்கோப்பையும் அட்டவணையையும் இணைக்கலாம். இணையாமல் போவதற்கு வழமையான காரணம் ஒன்று: 5350001.00 என்ற துண்டிலக்கத்தை எக்செல் எண்ணாக எடுத்து 5350001 ஆக்கிவிடும். கோப்பை எக்செலுக்குள் எடுக்கும்போதே அந்த நிரலை "எழுத்து" வகையாகத் தெரிவுசெய்யுங்கள்.

கணக்குக்கு இரண்டு சுட்டி போதும், கையால் செய்யலாம். விளக்கத்துக்குக் கற்பனையாக மூன்று துண்டு, ஒவ்வொன்றிலும் 5,000 பேர். தமிழர் முறையே 600, 300, 100. மொத்தம் 15,000இல் 1,000 தமிழர், 14,000 மற்றோர்.

அமைவிட ஈவு: முதல் துண்டில் 600/5,000 = 12 வீதம். முழுப் பரப்பில் 1,000/15,000 = 6.67 வீதம். 12ஐ 6.67ஆல் வகுத்தால் 1.8. ஒன்றுக்கு மேலே என்றால் செறிவு.

வேறுபாட்டுச் சுட்டி: தமிழரின் பங்கு 0.60, 0.30, 0.10. மற்றோரின் பங்கு 4,400/14,000 = 0.314, பிறகு 0.336, 0.350. வித்தியாசங்கள் (குறியை விட்டுவிட்டு) 0.286, 0.036, 0.250. கூட்டினால் 0.572, பாதி 0.286. அதாவது சமமாகப் பரவ வேண்டுமானால் தமிழரில் ஏறத்தாழ 29 வீதம் துண்டு மாறவேண்டும். 30க்குக் கீழே குறைந்த பிரிவு, 60க்கு மேலே கடும் பிரிவு என்று பொதுவாக வாசிப்பார்கள். துண்டைப் பெரிதாக்கினால் சுட்டி குறையும். ஆகவே வேறு அலகில் எடுத்த இரண்டு நகரங்களை ஒப்பிடாதீர்கள்.

உவர்மலை ரீச்சர்

மிக்க நன்றி. ஒரு குறுக்குவழி கேட்கிறேன். கோயில், தமிழ்க் கடை இவற்றை வரைபடத்தில் குறித்தால் அதுவே குடியிருப்பைக் காட்டாதா? பிள்ளைகளுக்குச் சுலபம். இன்னொன்று: போன மாதம் போனவர் ஏன் நேரே ஏஜாக்ஸில் என்ற கேள்வி இன்னும் நிற்கிறது.

சுங்கவீதி

கோயிலை வைத்துக் குடியிருப்பைக் கண்டுபிடிக்கப் போனால் வழி தவறும், ரீச்சர். எங்கள் ஊரில் கோயிலடி என்றால் அதைச் சுற்றி வீடு. அங்கே மதத்தலத்துக்கு வாகனத் தரிப்பிட எண்ணிக்கை, வலயச் சட்டம் இரண்டும் உண்டு. அதனால் நிறையக் கோயில்கள் தொழிற்பேட்டைக் கட்டடங்களில், பக்கத்தில் வீடே இல்லாத இடத்தில் இருக்கின்றன. றிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோயில் பழையது, பெரியது. தமிழ்ச் செறிவு அதைச் சுற்றியல்ல, தென்கிழக்கே வெகு தூரத்தில்.

கடை வேறு மாதிரி ஏமாற்றும். சனம் நகர்ந்து சில ஆண்டுக்குப் பிறகே கடை நகரும், பழைய கடைக்குக் காரில் வந்து போவார்கள். பரிஸ் லா ஷப்பலைப் பாருங்கள். தமிழ்க் கடைத்தெரு என்றால் அதுதான், ஆனால் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் லா கூர்நெவ், பொபினி போன்ற புறநகர்களிலிருந்து ரயிலில் வருகிறவர்கள். கடைகளைக் குறிப்பதானால் தனி நிறத்தில் குறித்து, "நுகர்வு வலயம்" என்று பெயரிட்டு, தாய்மொழி வரைபடத்தின் மேல் வையுங்கள். இரண்டும் எங்கே பொருந்தவில்லை என்று பிள்ளைகளைத் தேட விடுங்கள். பயிற்சியின் சுவையான பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

பக்கக்கதவு

ஏஜாக்ஸ் கேள்விக்கு விடை கிழக்கு401 சொன்ன பேஸ்மென்றிலேயே இருக்கு. அவர் அதை ஸ்காபரோவோட விட்டிட்டார். வீடு வாங்கினவை கிழக்கே போகேக்க, வாடகைக்கு விடுற கீழ்ப்பகுதியும் கூடவே போச்சு. புதுசா வாறவர் தேடுறது தமிழ் தெரிஞ்ச வீட்டுக்காரரை. வேலைக் கடிதமும் கடன் வரலாறும் கேக்காமல் ஆள் சொல்லி வீடு தாறவர் இப்ப ஏஜாக்ஸிலயும் விற்பியிலயும் இருக்கிறார். நடு நகரத்தில ஒற்றை அறை வாடகை பேஸ்மென்றை விடக் கூட. ஆகவே பேர்ஜஸின்ர "முதல் வட்டம்" இல்லாமல் போகேல்லை, வெளிவட்ட வீடுகளுக்குக் கீழ போயிட்டுது.

சட்டமும் இதோட நகர்ந்தது. முந்தி இரண்டாவது குடியிருப்பை அனுமதிக்கிறதில ஒவ்வொரு மாநகரசபையும் ஒவ்வொரு மாதிரி. நிறைய பேஸ்மென்றுகள் பதிவில்லாமல் இருந்தது. 2022இல ஒன்ராறியோ சட்டம், குழாய்நீரும் கழிவுநீர் வாய்க்காலும் உள்ள பெரும்பாலான குடியிருப்புக் காணிகளில மூன்று அலகு வரை அனுமதிச்சது. அதுக்காகக் கீழ்த்தளம் எல்லாம் சட்டப்படியான வீடாகாது. கூரை உயரம் 1.95 மீற்றர் வேணும். தப்பி வெளியேறுற சன்னல் எண்டால் திறப்பு 0.35 சதுர மீற்றர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையாமல். புகை எச்சரிக்கைக் கருவி, காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி, மேல்வீட்டிலிருந்து நெருப்புப் பிரிப்பு. தடங்கலா வாறது சன்னல்தான். பழைய பங்களாவின்ர குட்டிச் சன்னலுக்குள்ளால ஆள் வெளியேறேலாது.

மாணவர் குடும்பம் யாரும் வாசிச்சால் உதவும்: முற்பணமாக் கேக்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும். "சேத வைப்பு" எண்டு ஒண்டு கேட்டால் அது சட்டத்தில இல்லை. வாடகையை 12 மாதத்துக்கு ஒருக்காத்தான் கூட்டலாம், 90 நாளுக்கு முந்தி எழுத்தில சொல்லவேணும். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலா ஆள் குடியேறின கட்டடத்துக்கு, மாகாணம் வைக்கிற வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. புது வீட்டுத் தொகுதிகள் கூடின விற்பி, ஒஷாவாப் பக்கம் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிஞ்சுகொள்ளவேணும்.

இந்த நிழல் குடியிருப்பு தரவிலயும் தெரியும். ஒரே துண்டில தாய்மொழி தமிழ் கூட, சராசரி வீட்டு ஆள் எண்ணிக்கையும் கூட எண்டால் இரண்டு விளக்கம்: மூன்று தலைமுறைக் குடும்பம், அல்லது கீழ வாடகை. தாய் தகப்பனைக் கூப்பிடுறவர் 20 ஆண்டுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்கவேணும். மனைவி, கணவனுக்கு 3 ஆண்டு. அப்ப பெற்றோர் பிள்ளையோட ஒரே வீட்டில இருக்கிறது விருப்பம் மட்டுமில்லை, பொருளாதாரமும். எந்த விளக்கம் எண்டு பிரிச்சறிய "பல தலைமுறை வீடு" எண்ட வரியைப் பக்கத்தில வையுங்கோ.

குளக்கோட்டன் தெரு

ரீச்சர், இதே முறையை அடுத்ததாகத் திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேசத்தின் கிராம சேவகர் பிரிவுகளில் செய்யப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். சுட்டிகளைக் கணிக்கலாம், 2012 தொகைமதிப்பில் கிராம சேவகர் பிரிவு மட்டத் தரவு உண்டு. ஆனால் காரணத்தை அப்படியே எடுத்து வைக்காதீர்கள். ரொறன்ரோவின் அம்புக்குறி வாடகையும் விலையும் இழுத்தது. எங்கள் மாவட்டத்தின் அம்புக்குறிகள் பாதி அப்படியல்ல. சம்பூர் சனம் 2006இல் போரால் வெளியேறி கிளிவெட்டி, மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் இருந்தது, காணி திரும்பக் கிடைத்தது 2015, 16இல். 2012 தரவை வரைந்தால் முகாம் இருந்த பிரிவு "செறிவு" என்று சிவப்பாகத் தெரியும், சம்பூர் வெள்ளையாகத் தெரியும். ஒரு பிள்ளை அதைச் சங்கிலிக் குடிபெயர்வு என்று எழுதினால் நாங்கள் சொல்லிக்கொடுத்தது பிழை. குடியேற்றத் திட்டங்களும் அப்படித்தான். அரசு போட்ட கோடு வேறு, குடும்பம் போட்ட கோடு வேறு.

உவர்மலை ரீச்சர்

சம்பூர் விசயம் நல்ல வேளை சொன்னீர்கள். அதைத் தனிப் பாடவேளையாக வைக்கிறேன். ரொறன்ரோவுக்கு எத்தனை துண்டு எடுப்பது? முழுவதும் சாட் பேப்பரில் கொள்ளாது.

நிரலும் நிரையும்

ரொறன்ரோ மாநகரத்துக்குத் துண்டுகளை விட்டுவிடுங்கள். மாநகரமே 158 அயற்பகுதிகளாகப் பிரித்துத் தரவு தருகிறது. அதில் ஸ்காபரோப் பகுதிகளை மட்டும் எடுங்கள், சென் ஜேம்ஸ் ரவுணை ஒப்பீட்டுக்குச் சேருங்கள். மார்க்கம், பிக்கரிங், ஏஜாக்ஸ், விற்பி, ஒஷாவா, பிரம்ரன் ஆறும் முழு மாநகரசபை மட்டத்தில் போதும். இரண்டு அலகு கலந்திருப்பதால் வேறுபாட்டுச் சுட்டியைக் கணிக்கவேண்டாம், அமைவிட ஈவு மட்டும்.

நிறம் நாலு வகுப்பு: 0.5க்குக் கீழே, 0.5 முதல் 1, 1 முதல் 3, 3க்கு மேலே. ஒரே நிறத்தின் மென்மையிலிருந்து கடுமைக்குப் போகட்டும். பச்சையும் சிவப்பும் போட்டால் பிள்ளைகள் "நல்ல இடம், கெட்ட இடம்" என்று வாசிக்கத் தொடங்குவார்கள். ஸ்ரீல்ஸையும் 401ஐயும் தடித்த கோடாக, கெனடி நிலையத்தை ஒரு புள்ளியாக முதலிலேயே வரைந்து கொடுத்துவிடுங்கள், நிறம் தீட்டுவதை அவர்கள் செய்யட்டும். முதல் பாடவேளைக்குக் கணிப்பு, இரண்டாவதற்கு நிறமும் விளக்கமும். விற்பிக்கும் ஒஷாவாவுக்கும் கோப்பு வேறு என்பதை மறக்கவேண்டாம்.